தோவாளைல பூ ஏறுற நேரத்துல சர்வர மாத்துனாங்க: என் ஹோஸ்டிங் கம்பெனி பத்தி ஒரு ரிவ்யூ

கம்பெனி பேரு போடல, கமெண்ட்ல கேக்காதீங்க. நடந்ததுல பாதி அவங்க தப்பு, கால்வாசி என் தப்பு, மிச்சம் ஓணம் வந்த நேரம், இதுக்கு போயி ஒருத்தன் பேர நாறடிக்க மனசு வரல. ஆனா இந்த விலைக்கு ஹோஸ்டிங் (சைட்ட வைக்க சர்வர்ல வாடகை இடம்) வச்சிருக்க யாருக்கும் இது நடக்கும், அதனால முழுசா எழுதுகேன். நீளமாத்தான் இருக்கும், டீ போட்டுட்டு வாங்க.

நான் நாகர்கோவில் வடசேரில ஒரு ரூம்ல உக்காந்து சின்ன சின்ன சைட் செஞ்சு குடுக்க ஆளு. நேந்திரங்காய் சிப்ஸ் கடை, தக்கலைல ஒரு கல்யாண மண்டபம், கன்னியாகுமரில ரெண்டு லாட்ஜ், ஒரு ஸ்கூல், தோவாளை பூ மார்க்கெட்ல ஒரு பூக்கடை, இப்படி மொத்தம் 14 சைட்டு. எல்லாமே இவங்க ரீசெல்லர் பிளான்லதான் (மொத்தமா வாங்கி நம்ம கஸ்டமருக்கு பிரிச்சு குடுக்கறது) ஆறு வருஷமா ஓடுது. வருஷத்துக்கு 5,400 ரூபா, ஜிஎஸ்டி தனி. 14 சைட்டுக்கு பிரிச்சு பாத்தா ஒரு சைட்டுக்கு மாசம் ஒரு சாயாவும் ரெண்டு பழம்பொரியும், அவ்வளவுதான் செலவு. ஆறு வருஷத்துல பெருசா கொறை சொல்ல ஒண்ணும் கெடையாது, அத மொதல்லயே சொல்லிடுகேன்.

ஜூலை கடைசில ஒரு மெயில் வந்துச்சு, "மகிழ்ச்சியான செய்தி"ன்னு தலைப்பு போட்டு. ஹோஸ்டிங் கம்பெனி மகிழ்ச்சியான செய்தின்னு மெயில் அனுப்புனா ஒண்ணு விலைய கூட்டியிருப்பான் இல்லன்னா சர்வர தூக்கப் போறான், வேற எதுவும் இருக்காது. தூக்கத்தான் போறாங்க. மும்பைல இருந்த மெஷின் எல்லாத்தையும் விட்டுட்டு சென்னைல அம்பத்தூர் பக்கம் ஒரு டேட்டாசென்டருக்கு போறாங்களாம். புது கட்டடம், டயர் 3, கரண்ட் லைன் ரெண்டு, ஜெனரேட்டர் இத்தன, கூலிங் அத்தனன்னு கல்யாண பத்திரிகை மாதிரி ஒரே அலங்காரம்.

அந்த டயர் 3ங்கறத பத்தி ஒரு வார்த்த, ஏன்னா நெறைய பேரு ஏமாறுற இடம் இது. அப்டைம் இன்ஸ்டிடியூட்னு ஒரு அமைப்பு கட்டடத்துக்கு குடுக்கற தரம் அது. அதோட சேத்து 99.982 சதவீதம்னு ஒரு கணக்கு சொல்லுவாங்க, வருஷத்துக்கு ஒன்றரை மணி நேரத்துக்கு கொஞ்சம் மேல மட்டும் நிக்கலாம்னு அர்த்தம். ஆனா அது கரண்டும் ஏசியும் நிக்கற கணக்கு. கட்டடம் ஜம்முனு நிக்கும், உள்ள உங்க சர்வர்ல டிஸ்க் போயிட்டுன்னா அது அந்த கணக்குல வராது. இன்னொண்ணு, "டயர் 3 சர்டிபிகேட் வாங்குனது"ங்கறதும் "டயர் 3 தரத்துல கட்டுனது"ங்கறதும் வேற வேற. இவங்க மெயில்ல ரெண்டாவதுதான் போட்டிருந்தாங்க. அக்மார்க் நெய்யிக்கும் அக்மார்க் மாதிரி நெய்யிக்கும் உள்ள வித்தியாசம்.

சரி, விஷயத்துக்கு வாறேன். மாத்துறதுல ரெண்டு வகை உண்டு. ஒண்ணு, புது இடத்துல புது மெஷின வாங்கி வச்சு பழசுல உள்ளத நெட் வழியாவே காப்பி பண்ணி, கடைசில டிஎன்எஸ்ஸ (சைட் பேரு எந்த சர்வருக்கு போகணும்னு சொல்லுற பதிவு) திருப்பி விடுறது. இன்னொண்ணு, மெஷினயே கழத்தி லாரில ஏத்துறது. எங்கள மாதிரி ஒரே மெஷின பல பேரு பங்கு போடுற ஷேர்டு ஆளுங்களுக்கு மொத வகை, தனி மெஷின் வாடகைக்கு எடுத்தவங்களுக்கு லாரி. நமக்கு நல்ல வகைதான் கெடச்சிருக்குன்னு நானும் நிம்மதியா இருந்தேன்.

மொத்தம் நாலு மெயில் வந்துச்சு. மூணுலயும் ஒரே பாட்டு, நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், எல்லாம் நாங்க பாத்துக்கிடுவோம். நாலாவது மெயில் மாத்துறதுக்கு 18 மணி நேரம் முன்னாடி வருது, அதுல கடைசி வரில, லாட்டரி சீட்டுக்கு பின்பக்கம் இருக்கற எழுத்து சைஸ்ல, ஐபி அட்ரஸ் (நெட்ல சர்வரோட நம்பர்) மாறும், டிஎன்எஸ் வெளிய வச்சிருக்கவங்க ஏ ரெக்கார்ட (டிஎன்எஸ்ல அந்த நம்பர் இருக்கற வரி) மாத்திக்கணும்னு. மூணு தடவ ஒண்ணும் செய்ய வேண்டாம்னு சொன்னவன் நாலாவதுல செய்யச் சொன்னா எவன் படிப்பான்? நான் படிக்கல. அது என் கால்வாசி தப்பு.

ஐபி ஏன் மாறணும்னு கேட்டீங்கன்னா, அந்த நம்பர் இவங்க சொந்தம் இல்ல, பழைய டேட்டாசென்டர்காரன்கிட்ட வாடகைக்கு எடுத்தது. வாடகை வீட்ட காலி பண்ணினா கதவுல அடிச்ச வீட்டு நம்பர பேத்துட்டு போக முடியுமா? சொந்தமா ஐபி பிளாக் வச்சிருக்க கம்பெனின்னா புது இடத்துலருந்து அதே நம்பர அறிவிச்சிட்டு போயிடுவான், கஸ்டமருக்கு தெரியவே தெரியாது. ஆனா ஐபிவி4ங்கற இந்த வகை ஐபி நம்பரோட உலக மைய கையிருப்பே 2011 பிப்ரவரில தீந்து போச்சு, இப்ப சொந்தமா பெருசா வாங்கணும்னா அடுத்தவன்கிட்ட காசு குடுத்துதான் வாங்கணும், 5,400 ரூபா பிளான் விக்கிறவன்கிட்ட அத எதிர்பாக்கவும் முடியாது.

இப்ப முக்கியமான எடம். மாத்துற நேரம் "நள்ளிரவு 1 மணி முதல் 5 மணி வரை, பயன்பாடு மிகக் குறைந்த நேரம்"னு போட்டிருந்தான். யாருக்கு குறைந்த நேரம்? அந்த நேரத்துல தோவாளைக்கு ஒருதடவ வந்து பாக்கச் சொல்லணும் இவங்கள. ஆரல்வாய்மொழி, ராதாபுரம் பக்கத்துலருந்து பிச்சி, மல்லி, அரளி, திண்டுக்கல் மதுர பக்கத்துலருந்து ஒரு லோடு, ஓசூர்லருந்து ரோஜா, எல்லாம் வந்து எறங்கி வெல பேசி திருவனந்தபுரத்துக்கு ஏத்தி விடுற நேரமே விடியக்காலம்தான். நல்லா விடிஞ்சபிறகு போனா தண்ணி தெளிச்ச சாக்கும் காம்பும்தான் கெடக்கும். அதும் அவங்க பிடிச்ச தேதி அத்தம். அத்தத்துலருந்து திருவோணம் வரைக்கும் பத்து நாளு கேரளால வாசலுக்கு வாசல் அத்தப்பூ போடுவாங்க, கேந்தியும் வாடாமல்லியும் டன் கணக்குல போகும். வருஷத்துல தோவாளைக்கு தீபாவளியே அந்த பத்து நாளுதான்.

நான் செஞ்சு குடுத்த பூக்கடை சைட்ல ரெண்டே பக்கம்தான். ஒண்ணு அன்னைக்கு ரேட்டு, கடைக்கார அண்ணாச்சி மகன் ராத்திரி ரெண்டு மணிக்கு மேல மார்க்கெட்ல நின்னுக்கிட்டே போன்ல அடிச்சு விடுவான். இன்னொண்ணு ஆர்டர் பாரம், நெய்யாற்றின்கரை, நெடுமங்காடு, ஆற்றிங்கல் பக்கத்து வியாபாரிங்க எத்தன கிலோ வேணும்னு போட்டு விடுவாங்க. வாட்சப்ல செஞ்சா போதாதான்னு நானே கேட்டேன், 60 பேரு ஒரே நேரத்துல மெசேஜ் போட்டா எவன் முன்னாடி சொன்னான்னு சண்ட வருது தம்பின்னாரு, அதுக்குத்தான் சைட்டு.

அன்னைக்கு ராத்திரி 2 மணிக்கு "உங்கள் கணக்கு வெற்றிகரமாக மாற்றப்பட்டது"ன்னு மெயில் சத்தம் கேட்டு முழிச்சேன். அப்பத்தான் நாலாவது மெயிலயும் படிச்சேன். 14ல 11 சைட்டுக்கு இவங்க நேம்சர்வர்தான் (டிஎன்எஸ் இவங்ககிட்டயே இருக்கு), அது தானா மாறிட்டு. மூணு சைட்டுக்கு டிஎன்எஸ் டொமைன் வாங்குன இடத்துல வச்சிருந்தேன், அதுல ஒண்ணு பூக்கடை. எந்திரிச்சு லாப்டாப்ப தொறந்து புது ஐபிய போட்டுட்டு, முடிஞ்சுதுன்னு படுத்துட்டேன். டிடிஎல்ல (பழைய நம்பர எவ்வளவு நேரம் ஞாபகம் வச்சுக்கலாம்ங்கற அளவு) பாக்கல. 14400ன்னு கெடந்திருக்கு, செகண்டுக் கணக்கு, அதாவது நாலு மணி நேரம். நெட்டு குடுக்கறவன் பழைய நம்பர ஒருதடவ கேட்டு வச்சுக்கிட்டான்னா நாலு மணி நேரம் வரைக்கும் அதையே சொல்லிக்கிட்டிருக்கலாம். முந்தின நாளே அத 300ன்னு கொறச்சு வச்சிருந்தா அஞ்சு நிமிஷத்துல தீந்திருக்கும்.

4 மணி 20க்கு போன்.

"தம்பி, தூங்கியா?"

"இல்ல அண்ணாச்சி, சொல்லுங்க."

"நம்ம சைட்டு எனக்கு இன்னைக்கு ரேட்ட காட்டுகு. நெய்யாற்றின்கரைக்காரனுக்கு நேத்தைக்குள்ள ரேட்ட காட்டுகாம். அவன் நேத்து ரேட்டுக்கு 40 கிலோ கேந்தி கேட்டு ஆர்டர் போட்டுட்டேன்னு சொல்லுகான். எனக்கு ஆர்டரும் வரல. இது என்னடே கூத்து?"

பின்னால லாரி ஆரன், ஒருத்தன் சாக்கு சாக்குன்னு கத்துறான், அண்ணாச்சி குரல் அதுக்கு மேல. எனக்கு தூக்கம் ஒரே அடியா போச்சு. விஷயம் என்னன்னா பழைய மும்பை சர்வரும் உயிரோட இருக்கு, புது சென்னை சர்வரும் உயிரோட இருக்கு. அண்ணாச்சி மகன் போன் புதுசுக்கு போகுது, அங்க புது ரேட்டு. கேரளா வியாபாரிங்க பாதி பேரு பழசுக்கு போறாங்க, அங்க நேத்து ரேட்டு, அங்க போட்ட ஆர்டர் அங்கயே டேட்டாபேஸ்ல தங்கிடும், மெயிலும் போகாது, ஏன்னா பழைய மெஷின்ல மெயில மட்டும் அணைச்சிட்டாங்களாம். ஒரே கடைக்கு ரெண்டு கல்லாப்பெட்டி, ஒண்ணுக்கு ஆளே இல்ல.

இதுக்கு வழி இல்லாம இல்ல. சரியா மாத்தத் தெரிஞ்சவன் காப்பி முடிஞ்ச உடனே பழைய சர்வர வெறும் தபால்காரனா மாத்தி விட்டுருவான், பழைய நம்பருக்கு யாரு வந்தாலும் அப்படியே புதுசுக்கு தள்ளி விடும். சர்வர நடத்துற சிபேனல் சாப்ட்வேர்லயே லைவ் டிரான்ஸ்பர்னு அதுக்கு வசதி இருக்கு. இவங்க அத போடல. அவங்க பாதி தப்புன்னு நான் சொல்லுறது இதத்தான், மத்ததெல்லாம் சில்லற.

கம்பெனி சப்போர்ட்டுக்கு டிக்கெட் (புகார்) போட்டேன். இங்கதான் நான் இந்த கம்பெனிய ஏன் இன்னும் விடலங்கறதுக்கு காரணம் வருது. விடியக்காலம் 4:31க்கு போட்ட டிக்கெட்டுக்கு 4:38க்கு ஒரு பையன் போனே பண்ணிட்டான். பேச்சுல மதுர வாசம். தானா ஓடுற பதில் இல்ல, "உங்க கோரிக்கை எங்களுக்கு முக்கியம்"ங்கற பாட்டும் இல்ல, நேரா "அண்ணே, ரெண்டு பக்கமும் எழுதுதா?"ன்னு கேட்டான். அந்த ஒரு கேள்விலயே ஆளு வேல தெரிஞ்சவன்னு புரிஞ்சு போச்சு. 4:50க்கெல்லாம் என் மூணு சைட்டுக்கும் பழசுலருந்து புதுசுக்கு தள்ளி விட்டுட்டான். அப்புறம் நான் கேக்காமலே, ராத்திரி ஒரு மணிக்கு மேல பழைய டேட்டாபேஸ்ல விழுந்த ஆர்டர் வரிய மட்டும் பிரிச்சு எடுத்து ஒரு பைலா அனுப்பினான். மொத்தம் 11 ஆர்டர். நான் அத ஒவ்வொண்ணா அண்ணாச்சிக்கு போன்ல வாசிச்சேன், அவரு ஒரு பிச்சி கட்டுன பேப்பர்ல எழுதிக்கிட்டாரு. எட்டு பேருக்கு பூ போச்சு. மூணு பேரு அதுக்குள்ள வேற கடைல வாங்கிட்டாங்க. நெய்யாற்றின்கரைக்காரனுக்கு நேத்து ரேட்டுக்கே 40 கிலோவயும் குடுத்தாரு அண்ணாச்சி, சைட்ல போட்டது வாக்கு மாதிரிதானடேன்னு. அந்த வித்தியாசத்த எங்கிட்ட கேக்கல. நானா அந்த வருஷ மெயின்டனன்ஸ் காசு வாங்கல.

மார்த்தாண்டத்துல ஒரு கூட்டுக்காரன் உண்டு, ரப்பர் ஷீட் வியாபாரிங்களுக்கு பில்லிங் சாப்ட்வேர் குடுக்கான், அதே கம்பெனில தனி மெஷின் வச்சிருக்கான், அவனுக்குத்தான் லாரி யோகம். 48 மணி நேரம்னு சொன்னது 61 மணி நேரம் ஆச்சு. மெஷின் பத்திரமாத்தான் வந்திருக்கு, ஆனா சுச்சு போட்டா ரெய்டுல (ஒரு டிஸ்க் போனாலும் டேட்டா போகாம பல டிஸ்க்க சேத்து வைக்கறது) ஒரு டிஸ்க் எந்திரிக்கல. வருஷக்கணக்கா நிக்காம சுத்துன ஆர்ட் டிஸ்க் ஒருதடவ நின்னு ஆறிப்போனா மறுபடி சுத்துறது அதிர்ஷ்டம்தான். எங்க பாட்டாவோட பழைய ஸ்கூட்டர் மாதிரி, ஓடிட்டே இருந்தா ஆரல்வாய்மொழி வரைக்கும் ஓடும், டீ குடிக்க நிறுத்தினா போச்சு, அப்புறம் உருட்டிக்கிட்டேதான் வரணும். ரெய்டுங்கறதால டேட்டா போகல, புது டிஸ்க் போட்டு நெறையற வரைக்கும் மெஷின் நத்தையா நகந்துது. அவன் என்னவிட கோவமா இருக்கான், அவன் ரிவ்யூ எழுதுனா ஒரு ஸ்டார்தான்.

இனி மாத்துனதுக்கு அப்புறம் எப்படி இருக்குன்னு சொல்லணும்ல.

வேகம் கொள்ளாம். வீட்டு பைபர்லருந்து பிங் போட்டா (சர்வருக்கு போயிட்டு வர நேரத்த அளக்கறது) முன்னாடி 50 மில்லிசெகண்ட் பக்கம், இப்ப 24, 25. கண்ணாடி இழைல வெளிச்சம் செகண்டுக்கு ரெண்டு லட்சம் கிலோமீட்டர்தான் போகும், நாகர்கோவில்லருந்து சென்னை 700 கிலோமீட்டர்னு வச்சா போக வர ஏழு மில்லிசெகண்ட், மிச்சம் எல்லாம் வழில சுத்துறது. மும்பை அதுக்கு ரெண்டு மடங்குக்கு மேல தூரம். சிப்ஸ் கடை சைட்ல படம் டக்குன்னு வருது, கடைக்காரர் "என்னமோ செஞ்சிருக்கியே"ன்னு பாராட்டினாரு, நான் ஒண்ணும் செய்யலன்னு சொல்லல.

ஆனா ஒரு ஆளுக்கு நேர் எதிர். ஸ்கூல் சைட்ட பாக்கறவங்க பாதி பேரு துபாய், மஸ்கட், தோகால இருக்க நம்ம ஊரு அப்பாமாரு. கல்புக்கு போற கடல் கேபிள் பெரும்பாலும் மும்பைலதான் கரையேறுது, சென்னை கேபிளெல்லாம் முக்கியமா சிங்கப்பூர் பக்கம் பாத்தது. அதனால அவங்களுக்கு இப்ப சென்னைலருந்து மும்பை போயி அப்புறம் கடல்ல எறங்கணும். மஸ்கட்ல இருக்க மச்சான விட்டு அளந்து பாத்தேன், 20, 25 மில்லிசெகண்ட் கூடியிருக்கு. கண்ணுக்கு தெரியற வித்தியாசம் இல்ல, ஆனா மெயில்ல "அனைவருக்கும் வேகம்"னு போட்டான் பாத்தீங்களா, அந்த அனைவர்ல கல்ப்காரன் இல்ல.

மெயில்தான் ஒரு வாரம் உயிர வாங்கிச்சு. புது ஐபிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் (நம்பர வச்சு கேட்டா சர்வர் பேர சொல்லுற பதிவு) போடாமலே மெயில அனுப்ப விட்டுட்டாங்க, லாட்ஜ் புக்கிங் கன்பர்மேஷன் பூரா ஜிமெயில்ல ஸ்பேமுக்கு போச்சு. டிக்கெட் போட்டு ஒரு நாள்ல சரி பண்ணினாங்க. அப்பவும் ஒரு லாட்ஜுக்கு மட்டும் போகல, தலைய பிச்சுக்கிட்டு பாத்தா எஸ்பிஎப் ரெக்கார்டுல (நம்ம பேர்ல மெயில எந்த சர்வர் அனுப்பலாம்னு சொல்லுற வரி) பழைய ஐபிய நானே கையால எழுதி, வேற எங்கருந்து வந்தாலும் தள்ளிருன்னு கடுசா முடிச்சு வச்சிருக்கேன். என் வீட்டு வாசல்ல நானே போட்ட பூட்டு.

தக்கலை கல்யாண மண்டபம் சைட்டு மொத்தமா விழுந்துது. காரணம், மாத்துறதோட மாத்துறதா சர்வரோட பழைய ஆபரேட்டிங் சிஸ்டம் சென்ட் ஓஎஸ் 7ஐயும் தூக்கி கடாசிட்டு ஆல்மா லினக்ஸ் போட்டுட்டாங்க, அந்த சைட்ட எழுதுன மொழியோட பழைய பதிப்பு பிஎச்பி 5.6ஐயும் எடுத்துட்டாங்க. இதுக்கு நான் கோவப்படவே மாட்டேன். சென்ட் ஓஎஸ் 7க்கு ஆதரவு 2024 ஜூன் 30ஓட முடிஞ்சுது, பிஎச்பி 5.6க்கு 2018லயே முடிஞ்சுது, அத இன்னும் ஓட விட்டதே இவங்க பெரிய மனசு. அந்த சைட்ட நான் எழுதுனது 2014ல, படிச்சு முடிச்ச கையோட, அந்த கோட இப்ப தொறந்து பாத்தா எனக்கே வெக்கமா இருக்கு. ரெண்டு நாள் உக்காந்து மாத்தி எழுதினேன்.

எனக்கு இன்னும் உறுத்துறது பேக்கப். 2021 மார்ச் 10 பிரான்ஸ்ல ஸ்ட்ராஸ்பர்க்ல ஓவிஎச் டேட்டாசென்டர் ஒரு கட்டடம் முழுசா எரிஞ்சு போச்சு, ஞாபகம் இருக்கா? அதுல பேக்கப்பயும் அதே இடத்துல வச்சிருந்தவன் ரெண்டையும் சேத்து எழந்தான், கோர்ட்டுக்கும் போனாங்க. அதனால மாத்தி முடிச்ச உடனே இவங்ககிட்ட கேட்டேன், தினப்படி பேக்கப் இப்ப எங்க இருக்குன்னு. "பாதுகாப்பான தனி ரேக்கில்"னு பதில் வருது. தனி ரேக்கு சரி, எந்த கட்டடத்துலன்னு கேட்டேன். அதுக்கு பதில் இல்ல. முன்னாடி மும்பை சர்வருக்கு பேக்கப் வேற ஊர்ல இருந்துச்சு, இவங்களே பெருமையா போட்டிருந்தாங்க, இப்ப அந்த வரி சைட்ல காணல.

நான் தினமும் ராத்திரி வீட்டுக்கு ஒரு காப்பி ஆர்சிங்க் பண்ணி எடுக்கேன், அதனால எனக்கு பயம் இல்லன்னு சொல்லலாம்னா, 2017 நவம்பர் 30 ஒக்கி புயல் அடிச்சப்ப எங்க வீட்ல ஒன்பது நாள் கரண்ட் இல்ல, வாழையும் ரப்பரும் சாஞ்சு ரோடே தெரியல. அந்த வீட்ட நம்பி 14 பேரு கடைய வைக்க முடியாது. அதுக்குத்தான ஜெனரேட்டர் வச்ச ஊர்ல காசு குடுத்து வைக்கோம்.

ஸ்டார் கேட்டா அஞ்சுக்கு மூணு. அந்த மதுர பையனுக்கு மட்டும் தனியா அஞ்சு, அவனுக்கு சம்பளம் கூட்டி குடுக்கட்டும். லாட்ஜு, சிப்ஸ் கடை மாதிரி பகல் யாவாரத்துக்கு தாராளமா எடுக்கலாம். மீன் ஏலம், பூ, பால்னு விடியக்காலத்துல ஓடுற தொழிலுக்கு எடுக்குறீங்கன்னா, சர்வர தொடுற நேரத்த நம்ம கேட்டு மாத்தலாமான்னு எழுத்துல வாங்கிட்டு எடுங்க, அதோட டிஎன்எஸ்ஸ எங்க வச்சிருக்கோம்னு ஒரு பேப்பர்ல எழுதி ஒட்டிக்கோங்க, ராத்திரி ரெண்டு மணிக்கு ஞாபகம் வராது.

மூணு வருஷத்துக்கு ஒண்ணா கட்டினா 30 சதவீதம் கொறைப்போம்னு இப்ப ஒரு ஆபர் வந்திருக்கு. நான் ஒரு வருஷத்துக்கு மட்டும் கட்டியிருக்கேன். பூக்கடைய மட்டும் வேற இடத்துல ஒரு சின்ன விபிஎஸ்ல (ஒரு மெஷின்ல நமக்குன்னு தனியா பிரிச்ச பங்கு) வச்சுட்டேன், டிடிஎல் 300. பேக்கப் எந்த கட்டடத்துலங்கற டிக்கெட் இன்னைக்கும் ஓப்பனாத்தான் கெடக்கு, பதில் வந்தா கீழ சேக்கேன்.